ஏழு நாள் ரிட்டர்ன் முடிஞ்சா உரிமையும் முடிஞ்சிடுமா? வைஃபை மியூசிக் பாக்ஸ் வாங்கினவரோட கேள்வி

கேள்வி (மதுரைல இருந்து ஒரு வாசகர், சுருக்கிப் போட்டிருக்கேன்): அப்பா காலத்து ஆம்ப்ளிஃபயரும் ரெண்டு பெரிய ஸ்பீக்கரும் வீட்ல இருக்கு. லேப்டாப்ல இருக்கற பாட்டை ஒயர் இல்லாம அதுல கேக்கணும்னு ஆன்லைன்ல ஒரு வைஃபை ஸ்ட்ரீமர் பாக்ஸ் 16,500 ரூபாய்க்கு வாங்கினேன். நாலு மாசம் நல்லா பாடுச்சு. அப்புறம் கம்பெனில இருந்து ஒரு அப்டேட் வந்துச்சு, போட்டதுல இருந்து லேப்டாப்ல அந்த பாக்ஸ் பேரே வரமாட்டேங்குது. போன்ல இருந்து ப்ளூடூத் மட்டும் ஓடுது. வித்தவங்க ஏழு நாள் ரிட்டர்ன் முடிஞ்சிருச்சுங்கறாங்க. கம்பெனில கேட்டா ப்ளூடூத் ஓடுதுல்ல, அப்ப டிஃபெக்ட் இல்லங்கறாங்க. பில் பின்னாடி டெல்லி கோர்ட் மட்டும்தான்னு போட்டிருக்கு. கேஸ் போடலாமா? வக்கீல் ஃபீஸே பொருளோட விலையைத் தாண்டிடாதா?

பதில்:

சார், தாராளமா போடலாம். ஏழு நாள்ங்கறது அந்த சைட்டு தன் வசதிக்கு வச்சுக்கிட்ட கணக்கு, சட்டத்தோட கணக்கு வேற. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பிரச்சனை ஆரம்பிச்ச நாள்ல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கலாம். உங்களுக்கு அது அந்த அப்டேட் போட்ட நாள். அந்தத் தேதியை இப்பவே எழுதி வைங்க, பாக்ஸோட ஆப்ல வெர்ஷன் நம்பர் இருக்கும், அதையும் போட்டோ எடுத்துக்குங்க.

ப்ளூடூத் ஓடுது அதனால டிஃபெக்ட் இல்லங்கற வாதம் நிக்காது. டிஃபெக்ட்னா என்னன்னு அந்தச் சட்டமே 2-வது பிரிவுல சொல்லுது, விக்கறவர் எந்த விதத்துல சொல்லியிருந்தாலும் சரி, சொன்ன தரத்துக்கு பொருள் இல்லேன்னா அது குறைதான். அட்டைப்பெட்டில அச்சடிச்சதும் சொன்னதுதான், சைட்ல போட்ட போட்டோவும் சொன்னதுதான், கேள்வி பதில் பகுதில "கம்ப்யூட்டர்ல இருந்து வைஃபைல பாடுமா"ன்னு யாரோ கேட்டு செல்லர் "ஆமா"ன்னு போட்டிருந்தா அதுவும் சொன்னதுதான். நீங்க காசு கொடுத்தது லேப்டாப்ல இருந்து வைஃபைல பாடறதுக்கு, ப்ளூடூத் மட்டும் போதும்னா அதுல பத்துல ஒரு பங்கு விலைக்கே ரிசீவர் கிடைக்குமே. அதனால முதல் வேலையா இன்னைக்கே அந்த விற்பனைப் பக்கத்தை முழுசா, மேல அட்ரஸும் தேதியும் தெரியற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. புகார் போன பிறகு அந்த வரி சத்தமில்லாம காணாமப் போறதை நான் நிறைய பார்த்திருக்கேன், அது என்னை ரொம்ப கோவப்படுத்தற விஷயம்.

ஆனா நோட்டீஸ் அனுப்பறதுக்கு முன்னாடி கோளாறு உங்க பக்கம் இல்லன்னு உறுதி பண்ணிக்கணும், ஏன்னா எதிர்தரப்பு பதில் மனுல முதல்ல எழுதப்போறது "கஸ்டமர் வீட்டு நெட்வொர்க் பிரச்சனை"ன்னுதான். விண்டோஸ்ல உங்க வைஃபை பப்ளிக்னு செட் ஆகியிருந்தா பக்கத்துல இருக்கற எந்த டிவைஸும் கண்ணுக்கு தெரியாது, அதை பிரைவேட்னு மாத்துங்க. லேப்டாப்பும் பாக்ஸும் ஒரே வைஃபைல இருக்கா, ஒண்ணு கெஸ்ட் நெட்வொர்க்ல (விருந்தாளிகளுக்குன்னு ரவுட்டர்ல தனியா விடற வைஃபை) மாட்டிக்கிட்டிருக்கான்னு பாருங்க. அப்புறம் ஒரு பாட்டு ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணி காஸ்ட் டு டிவைஸ் போய் பாருங்க, அந்த லிஸ்ட்ல வீட்டு டிவி வருது பாக்ஸ் மட்டும் வரலைன்னா உங்க கேஸ் கெட்டி. அதை வெட்டு இல்லாம ஒரே வீடியோவா எடுங்க, நண்பர் வீட்டு வைஃபைலயும் ஒரு தடவை அதே மாதிரி. புகாரை விசாரிக்கற நுகர்வோர் ஆணையம் நினைச்சா பொருளை லேபுக்கு அனுப்பலாம், அந்த டெஸ்ட் ஃபீஸை முதல்ல உங்களையே கட்டச் சொல்லுவாங்க, வீடியோ தெளிவா இருந்தா அந்த இழுவை பெரும்பாலும் வராது.

இதே மாதிரி வேற ஒருத்தர் எல்டிஏசி (ப்ளூடூத்ல கூடுதல் தரத்துல பாட்டு அனுப்பற ஒரு முறை) போட்ட ப்ளூடூத் ரிசீவர் வாங்கிட்டு லேப்டாப்ல அந்த குவாலிட்டி வரலைன்னு கேட்டிருந்தார். விண்டோஸ்ல எல்டிஏசி உள்ளயே வர்றதில்ல, அது ரிசீவரோட குறை கிடையாது. ஆனா "விண்டோஸ் லேப்டாப்பிலும் எல்டிஏசி"ன்னு செல்லர் எழுதியிருந்தா கதையே வேற. எழுதினது என்னங்கறதுலதான் எல்லாம் இருக்கு.

சர்வீஸ் சென்டர்ல கொடுத்தா ஜாப் ஷீட்டை கவனமா படிங்க. "நோ ஃபால்ட் ஃபவுண்ட்"னு, அதாவது குறையே இல்லேன்னு, எழுதி கையெழுத்து கேப்பாங்க, அவசரத்துல போட்டுட்டு வந்திடாதீங்க. கீழயே "லேப்டாப்ல இருந்து வைஃபைல பாடவில்லை, இதை ஏற்கவில்லை"ன்னு பேனால எழுதிட்டு போடுங்க, அந்த ஒரு வரி பின்னாடி ரொம்ப உதவும்.

டெல்லிக்கெல்லாம் போக வேண்டாம். அதே 2019 சட்டத்தோட 34-வது பிரிவு நீங்க குடியிருக்கற ஊர்லயே, அதாவது மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே புகார் கொடுக்கற உரிமையைக் கொடுத்திருக்கு, பில் பின்னாடி பொடி எழுத்துல போட்டது அதைத் தடுக்காது. ஆர்பிட்ரேஷன், அதாவது கோர்ட்டுக்குப் போகாம நடுவர் வச்சுதான் தீர்க்கணும்னு போட்டிருந்தாலும் அதைக் காட்டி நுகர்வோர் புகாரைத் தடுக்க முடியாதுன்னு 2018-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. கொடுத்த விலை 5 லட்சம் வரைக்கும் கோர்ட் ஃபீஸ் கிடையாது, ஆன்லைன்லயே தாக்கல் பண்ணலாம், வக்கீல் வைக்கணும்னு கட்டாயம் இல்ல. நான் வக்கீல், இருந்தாலும் சொல்றேன், 16,500 ரூபாய் கேஸுக்கு நீங்களே வாதாடுங்க, பேப்பரெல்லாம் ஒழுங்கா இருந்தா போதும்.

முதல்ல சைட்டோட குறைதீர் அதிகாரிக்கு மெயில் போடுங்க, 48 மணி நேரத்துல கிடைச்சதுன்னு பதில் சொல்லணும், ஒரு மாசத்துல தீர்க்கணும், 2020 இ-காமர்ஸ் விதி அது. விளம்பரத்துல சொன்ன அம்சம் இல்லேன்னா பொருளைத் திரும்ப வாங்க மாட்டேன்னு செல்லர் சொல்லக்கூடாதுன்னும் அதே விதில இருக்கு. கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணி பதிவு பண்ணுங்க, நிறைய விஷயம் அங்கயே முடிஞ்சிடுது. முடியலைன்னா 15 நாள் டைம் கொடுத்து நோட்டீஸ், அப்புறம் புகார். செல்லர், சைட், கம்பெனி மூணு பேரையும் சேருங்க, இல்லேன்னா ஒருத்தர் இன்னொருத்தரைக் கை காட்டிட்டே இருப்பாங்க. பணத்தைத் திரும்பக் கேளுங்க, வட்டி கேளுங்க, அலைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை கேளுங்க. மன உளைச்சலுக்கு அஞ்சு லட்சம்னு எழுதினா உண்மையான குறையும் அதுல அடிபட்டுப் போயிடும்.

நீங்க கேக்காத ஒரு விஷயம், ஆனா எனக்கு அதுதான் கவலையா இருக்கு. நீங்க அனுப்பின பில்லுல உங்க கடையோட ஜிஎஸ்டி நம்பர் இருக்கு. வணிக நோக்கத்துக்கு வாங்கினவர் நுகர்வோர் ஆக மாட்டார்ங்கறதை அவங்க கட்டாயம் எடுப்பாங்க. பொருள் எதுக்கு வாங்கினது, யார் யூஸ் பண்றாங்கங்கறதைத்தான் கோர்ட் பாக்கும், அதனால வீட்டு ஹால்ல ஆம்ப்ளிஃபயரோட மாட்டியிருக்கற போட்டோவும் ஒரு அஃபிடவிட்டும் போடுங்க. ஆனா அந்த பில்லுக்கு இன்புட் கிரெடிட் (வாங்கினப்ப கட்டின ஜிஎஸ்டியை கடை கட்ட வேண்டிய வரில கழிச்சுக்கறது) எடுத்திருந்தீங்கன்னா புகார் போடறதுக்கு முன்னாடியே ஆடிட்டரைப் பாத்து அதை ரிவர்ஸ் பண்ணிடுங்க.

அதுவரைக்கும் பாக்ஸைப் பிரிக்காதீங்க, நெட்ல கிடைக்கற பழைய சாஃப்ட்வேரை ஏத்தாதீங்க, பாட்டுக்கு லேப்டாப்ல இருந்து ஒரு ஆக்ஸ் கேபிள் போட்டுக்குங்க, அதனால கேஸுக்கு ஒண்ணும் ஆகாது. நடுவுல கம்பெனி புதுசா ஒரு அப்டேட் விட்டா, போடறதுக்கு முன்னாடி ஒரு வீடியோ, போட்ட பிறகு ஒரு வீடியோ எடுத்து வைங்க. அதுல சரியாகிடுச்சுன்னா முழுப் பணம் கிடைக்கறது கஷ்டம், ஆனா கெடுத்தது அவங்க அப்டேட்தான், உங்க ரவுட்டர் இல்லங்கறதுக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது, அலைச்சலுக்கான நஷ்டஈட்டை அதை வச்சே கேக்கலாம்.