மாடித்தோட்டம் காய்க்குது, ஆனா பார்க்க அழகா இல்லையே!

கேள்வி: மேடம், ரெண்டு வருஷமா மொட்டை மாடியில காய்கறி போடுறேன், 40 செடி இருக்கும், வெண்டை, கத்தரி, தக்காளி எல்லாம் நல்லாவே காய்க்குது. ஆனா பெயிண்ட் பக்கெட், அரிசிச் சாக்கு, உடைஞ்ச குடம்னு கையில கிடைச்சதுல எல்லாம் நட்டு வச்சதால பார்க்க சகிக்கல. மாமியார் குப்பைமேடுன்னு சொல்றாங்க, வீட்டுக்காரர் இதெல்லாம் எடுத்துட்டு குரோட்டன்ஸ் வைங்கிறார். என்ன பண்றது?
- வாசகி, தாம்பரம்

பதில்: காய்ச்செடியை மட்டும் எடுத்துடாதீங்கம்மா! நல்லா காய்க்கிற செடியை விட குரோட்டன்ஸ் அழகுன்னு என்னால ஒத்துக்கவே முடியாது. உங்க பிரச்சனை செடியில இல்ல, வச்சிருக்கிற விதத்துல.

முதல்ல அரிசிச் சாக்கை மாத்துங்க, வெயில்ல இத்துப்போய் தூள் தூளா உதிர்ந்து மண்ணோட கலந்துடும். பக்கெட்டுங்க இருக்கட்டும், எல்லாத்துக்கும் வெளிப்பக்கம் மட்டும் ஒரே வெள்ளை அடிச்சிடுங்க, அது ஒண்ணுலயே மாடி பாதி அழகாயிடும், கூடவே வேருக்கும் சூடு குறையும். ஒவ்வொண்ணையும் ரெண்டு செங்கல் மேல தூக்கி வைங்க, இல்லன்னா அடியில தண்ணி நின்னு தரையெல்லாம் பாசி பிடிச்சு வழுக்கும். அழகுக்குன்னு பிளாஸ்டிக் புல் விரிப்பு வாங்கிடாதீங்க, மே மாசத்துல கால் வைக்க முடியாது.

அடுத்து, நீங்க எந்த நேரத்துல மாடிக்குப் போவீங்கன்னு யோசிங்க, நிறைய பேர் யோசிக்காத விஷயம் இது. வேலைக்குப் போறவங்கன்னா சாயந்தரம்தான் போவீங்க, அப்போ காலையில பூக்கிற பாகலும் பூசணியும் பூ வாடித்தான் இருக்கும். ஆனா பீர்க்கன், சுரை, புடலை மூணும் சாயந்தரத்துக்கு மேலதான் பூக்கும்! பீர்க்கன் மஞ்சள், சுரை வெள்ளை, புடலம்பூ ஓரமெல்லாம் நூல் நூலா பிரிஞ்சு லேஸ் பின்னின மாதிரி இருக்கும், இருட்டினதும் அந்துப்பூச்சி தேடி வரும். அதனால மேற்குப் பக்கமா ஆறரை அடி உயரத்துல ஒரு பந்தல் போட்டு இந்த மூணையும் ஏத்தி விடுங்க, கீழ ரெண்டு நாற்காலி போடுங்க, உங்க மாமியாரையே முதல்ல உட்கார வைங்க. புடலம்பிஞ்சு சுருளாம நேரா இறங்க நுனியில சின்னக் கல்லை நூல்ல கட்டித் தொங்க விடுவோம்ல, அந்த வரிசையே ஒரு தோரணம் மாதிரி இருக்கும். பிஞ்சு வெம்பி விழுந்தா பூச்சி வரத்து போதலன்னு அர்த்தம், ஆண் பூவைப் பறிச்சு, பிஞ்சோட இருக்கிற பெண் பூவுல நீங்களே சாயந்தரம் தடவி விட்டுடுங்க.

அந்தப் பந்தல் மத்தியானத்துக்கு மேல அடிக்கிற வெயிலையும் மறைக்கும், அதனால அதுக்குக் கிழக்கே கீரையை வைங்க. சிவப்பு தண்டுக்கீரை பக்கத்துல பாலக், அதுக்கு அடுத்து ஊதா கத்தரி, சிவப்பு வெண்டைன்னு நிறம் மாத்தி மாத்தி போட்டா தனியா பூச்செடியே தேவைப்படாது. கைப்பிடிச் சுவர் ஓரமா கொடிப்பசலை விடுங்க, தண்டு சிவப்பா இருக்கிற ரகம். வரிசையோட முன்பக்கம் அரைக்கீரைதான் வைக்கணும், கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். முளைக்கீரையை வேரோட பிடுங்கிடுவோம், மறுநாள் அந்த இடம் மொட்டையாத் தெரியும், அதைப் பின்னாடி தள்ளி, பத்து நாளுக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமா விதைங்க.

கேள்வி: மூலிகைக்குன்னு தனியா ஒரு மூலை அமைக்க ஆசை. சமையலறைப் பக்கம் நாலடிக்கு மூணடி பால்கனி, காலை வெயில் மட்டும் வரும். எதையெல்லாம் வைக்கலாம்?
- வாசகர், திருச்சி

பதில்: காலை வெயில் போதும் சார். கற்பூரவல்லியைத் தொங்குற தொட்டியில வைங்க, கிளை கீழ வழிஞ்சு அருமையா இருக்கும், ஆனா தினமும் தண்ணி ஊத்தினா அழுகிடும், மண் காய்ஞ்சாத்தான் ஊத்தணும். புதினாவுக்கு அகலமான தட்டு மாதிரி தொட்டி, அதுவும் தனியா. வேற செடியோட வச்சா அதையும் மூடிக்கிட்டுப் படர்ந்துடும். கிரில்லுல தூதுவளை ஏத்துங்க, ஊதாப் பூவும் சிவப்புப் பழமும் ரசத்துக்கு இலையும் கிடைக்கும், முள் இருக்கு, குழந்தைங்க கை படாத உயரத்துல இருக்கட்டும். துளசியில கதிர் வந்ததும் கிள்ளிடுங்க, அப்பத்தான் பக்கக்கிளை விட்டுப் புதரா நிக்கும், விட்டுட்டா குச்சி குச்சியா ஆயிடும். கறிவேப்பிலையையும் இப்படித்தான், இடுப்பு உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிடுங்க.

கேள்வி: நடுவுல செண்டுமல்லி வச்சா பூச்சியே வராதாமே?
- வாசகி, ஈரோடு

பதில்: அப்படி இல்லம்மா. செண்டுமல்லி வேர் மண்ணுல இருக்கிற நூற்புழுவைக் குறைக்கும், அது உண்மை. ஆனா தக்காளியில காயைத் துளைக்கிற புழுவோட தாய் அந்துப்பூச்சி செண்டுமல்லியைத் தேடி வந்தே முட்டை வைக்கும், அதனாலதான் தக்காளிக்கு நடுவுல அதைப் பொறிப்பயிரா நடுறாங்க. அழகுக்கும் ஆச்சு, புழு எங்க இருக்குன்னு தேடவும் வசதி. தினமும் அந்தப் பூவைத் திருப்பிப் பாருங்க, புழு இருந்தா பூவோட பறிச்சுப் போட்டுடுங்க. மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணியில 5 மில்லி வேப்பெண்ணெய், கரையறதுக்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து சாயந்தரமா அடிங்க, வெயில்ல அடிச்சா இலை கருகிடும்.