வீ-ரேயில் வெயில் போட்டால் படம் வெளுத்துப்போகிறது. சூரியனைக் குறைப்பதா, கேமராவைக் குறைப்பதா?

கேட்டவரின் சிக்கல் இது: ஸ்கெட்ச்அப்பில் (கணினியில் முப்பரிமாணமாக வரையும் மென்பொருள்) வீட்டை வரைந்து, அதை நிஜப் படம் மாதிரி ஆக்கித்தரும் வீ-ரேயில் சூரியனைப் போட்டதும் வெளிப்புறம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிடுகிறது. சூரியனின் இன்டென்சிட்டியை, அதாவது வெளிச்ச அளவை, குறைத்தால் வீட்டுக்குள் ஒன்றும் தெரியவில்லை.

சூரியனைத் தொடாதீர்கள், அது 1-லேயே இருக்கட்டும். கை வைக்க வேண்டிய இடம் கேமரா.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் உட்கார்ந்து பிளான் வரைகிறவன். தோட்டத்தை விட்டு வந்தவர்கள் வாங்கிய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு முன்னால் தகரக் கூரை, பின்னால் அடுப்படி என்று இழுத்துக் கட்டுவதுதான் பெரும்பாலும் நம்மிடம் வரும் வேலை. ஆரம்பத்தில் நானும் உங்களைப் போலத்தான் சூரியனை 0.03-க்கு இறக்கி வைத்து வேலை பார்த்தேன். படமும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஓய்வுபெற்ற கிராணி (தோட்டத்து எழுத்தர்) ஒருவரிடம் அவருடைய முன்வாசல் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தவர், "ஏன் தம்பி, மத்தியானத்துல விளக்கு போட்டு வெச்சிருக்க?" என்றார்.

உண்மைதான். கூரைக்கு அடியில் நான் வைத்த சாதாரண பல்பின் வெளிச்சம் மஞ்சளாகப் படர்ந்திருந்தது. நிஜத்தில் அந்த நேரத்துக்குப் பல்பு எரிகிறதா இல்லையா என்று அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். பல்புக்கு நிஜ லூமன் அளவை (விளக்கு விடும் ஒளியின் அளவு) கொடுத்துவிட்டுச் சூரியனை மட்டும் முப்பதில் ஒரு பங்காக்கினால் வேறு எப்படி இருக்கும்? வீ-ரே சூரியன் 1-ல் இருக்கும்போது நிஜ வெயிலின் அளவில் எரிகிறது. உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) தொடும், வீட்டுக் கூடத்திலோ சில நூறு லக்ஸ்தான். இந்த விகிதத்தைக் கெடுத்துவிட்டால் பிறகு எந்த விளக்கை வைத்தாலும் பொய்யாகத்தான் தெரியும்.

அப்புறம் ஒரு வேலை செய்தேன். அதே வாசலில் நின்று கைப்பேசியில் இரண்டு படம் எடுத்தேன். வெயிலில் எடுத்த படத்தின் விவரத்தில் எஃப் 1.8, 1/2000 நொடி, ஐஎஸ்ஓ 50 என்று இருந்தது. (எஃப் என்பது லென்ஸின் திறப்பு, எண் குறைந்தால் திறப்பு பெரிது; நொடி என்பது ஒளி விழும் நேரம்; ஐஎஸ்ஓ என்பது ஒளியை உணரும் அளவு.) கூடத்துக்குள் எடுத்ததில் எஃப் 1.8, 1/50 நொடி, ஐஎஸ்ஓ 200. கணக்குப் போட்டால் 160 மடங்கு வித்தியாசம், அதாவது ஏழு ஸ்டாப்புக்குச் சற்று மேல். (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு.) வெயில் என்னவோ ஒன்றுதான், கைப்பேசிதான் தன்னை மாற்றிக்கொண்டது.

வீ-ரே கேமராவிலும் அப்படியே செய்யுங்கள். வெளிப்புறத்துக்கு எஃப் 8, 1/200, ஐஎஸ்ஓ 100 என்று தொடங்கலாம். நான் வெயிலில் எடுத்த கைப்பேசிப் படத்தின் கணக்கும் கிட்டத்தட்ட இதுதான். உட்புறத்துக்கு எஃப் 4, 1/50, ஐஎஸ்ஓ 400. மூன்றிலும் இரண்டிரண்டு ஸ்டாப், மொத்தம் 64 மடங்கு திறக்கிறது. போதாவிட்டால் ஐஎஸ்ஓவை மட்டும் ஏற்றுங்கள். நிஜக் கேமரா மாதிரி இங்கே ஐஎஸ்ஓ ஏறினால் புள்ளி விழாது. ரெண்டரில் (மென்பொருள் கணக்கிட்டுத் தரும் படத்தில்) புள்ளி விழுந்தால் சாம்பிள் (ஒளியைக் கணக்கிடும் தடவை) போதவில்லை என்று அர்த்தம்.

உள்ளிருந்து பார்க்கும் காட்சியில் ஜன்னல் வெளுக்கத்தான் செய்யும், நம் கண்ணுக்கே கொஞ்சம் கூசுகிற இடம் அது. மிஞ்சிப் போனால் பிரேம் பஃபரில் (வீ-ரே படத்தைக் காட்டும் திரை) ஹைலைட் பர்னை, அதாவது மிக வெளிச்சமான இடங்கள் வெளுக்கும் அளவை, குறையுங்கள். ஆட்டோ எக்ஸ்போஷர் (வெளிச்சத்தை வீ-ரே தானே அளந்து வைப்பது) முதல் படத்துக்குச் சரி. ஒரே வீட்டை நாலு கோணத்தில் காட்டும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு வெளிச்சத்தில் வந்து நிற்கும், எனக்குப் பிடிப்பதில்லை. பிளெண்டர் என்ற வேறு மென்பொருளில் வேலை செய்கிறவர்கள் கலர் மேனேஜ்மென்ட்டில் உள்ள எக்ஸ்போஷரை இறக்கினால் போதும், அதுவும் ஸ்டாப் கணக்குதான்.

இவ்வளவும் செய்து இன்னும் சுவர் வெளுத்தால் பெயிண்டைப் பாருங்கள். வெள்ளை என்று நிற அளவின் உச்சமான 255 கொடுத்திருப்பீர்கள். நிஜ வெள்ளைச் சுவர் விழுகிற வெளிச்சத்தில் ஏறக்குறைய 80 விழுக்காட்டைத்தான் திருப்பிக் கொடுக்கும். 230 பக்கம் இறக்குங்கள்.

கடைசியாக, நான் பட்ட இன்னொரு அவமானம். ஸ்கெட்ச்அப்பில் இடத்தைக் குறிக்காவிட்டால் அது உங்கள் வீட்டை அமெரிக்காவின் கொலராடோவில், போல்டர் என்ற ஊரில் வைத்துவிடும். அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கேதான். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து டிகிரிகூட இல்லை. சூரியன் பாதி வருஷம் தெற்கே போகும், ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் நேர் உச்சியில் நிற்கும், இடைப்பட்ட மாதங்களில் வடக்கே போய்விடும். உச்சியும் 12 மணிக்கு இல்லை. நம் கடிகாரம் நமக்குக் கிழக்கே உள்ள இடத்தின் நேரத்தில் ஓடுவதால் மதியம் 1.15-ஐ ஒட்டித்தான்.

கிராணி ஐயாவின் வீடு வடக்குப் பார்த்தது. என் படத்தில் அவர் வாசல் முழுக்க நிழல். "ஆறாம் மாசம் வெயில் உள்ள வரும் தம்பி, நான் முப்பது வருஷமா பார்க்கிறேன்" என்றார். இடத்தைத் திருத்தி, ஜூன் 21, 1.15 என்று வைத்து ரெண்டர் போட்டேன். பத்தடி உயரத்தில் முடியும் தகரத்தின் விளிம்பைத் தாண்டி, வெயில் மூன்றடிக்கு மேல் உள்ளே வந்து அவர் சாய்வு நாற்காலியின் காலைத் தொட்டது. இரண்டாவது படத்தைப் பார்த்ததும் பென்சிலை வாங்கி, தகரத்தை எதுவரை நீட்ட வேண்டும் என்று அவரே கோடு போட்டுவிட்டார்.