சம்பாதிக்கும் மகள்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சத்யஜித் ராயின் அபு வரிசைப் படங்கள் மூன்றையும் பார்த்து முடித்தேன். மனம் கனத்துவிட்டது. வங்காள சினிமா என்றாலே வறுமையும் சாவும்தானா? அடுத்து எதைப் பார்ப்பது? காலவரிசைப்படி போகலாமா?

கே., மதுரை

அன்புள்ள கே.,

காலவரிசை வேண்டாம், பாடத்திட்டம் போலாகிவிடும். ஒரு சரடைப் பிடித்துக்கொண்டு போங்கள். வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கும் பெண் வங்காளப் படங்களில் திரும்பத் திரும்ப வருகிறாள். நான் அவளைப் பின்தொடரச் சொல்வேன்.

முதலில் ரித்விக் கட்டக்கின் 'மேகே டாகா தாரா' (1960). பிரிவினையில் கிழக்கு வங்காளத்தை இழந்து, கல்கத்தாவின் விளிம்பில் அகதிகள் காலனியில் ஒண்டியிருக்கும் குடும்பம். மூத்த பெண் நீதாவின் சம்பளத்தை வீட்டில் ஆளுக்குக் கொஞ்சம் பிடுங்கிக்கொள்கிறார்கள். அவள் காதலித்தவனைத் தங்கையே மணக்கிறாள். அம்மா தடுக்கவில்லை. நீதா கல்யாணமாகிப் போய்விட்டால் அந்த வீட்டில் உலை வைக்க முடியாது. அந்த அம்மாவை வெறும் கொடுமைக்காரியாக்காமல் விட்டதில்தான் கட்டக்கின் மேதைமை இருக்கிறது என்பேன். காதலனின் வீட்டிலிருந்து நீதா மாடிப்படியில் இறங்கும்போது சாட்டை வீசும் ஓசை கேட்கிறது. திரையில் சாட்டை இல்லை, சுப்ரியா சௌத்ரியின் முகம் மட்டுமே இருக்கிறது. இந்த மிகை முதலில் உங்களை உறுத்தலாம். பொறுத்துப் பாருங்கள், அது தெரிந்தே செய்தது.

அடுத்து 'மகாநகர்' (1963). அபு படங்களின் ராயை மட்டும் அறிந்த உங்களுக்கு இந்த ராய் புதியவராக இருப்பார். நீதாவின் பாடகர் அண்ணனாக நடித்த அனில் சட்டர்ஜி இங்கே கணவன். மனைவி ஆரதி வீடுவீடாகப் போய்ப் பின்னல் இயந்திரம் விற்கிறாள். மாமனார் ஓய்வுபெற்ற ஆசிரியர். மருமகள் வேலைக்குப் போவதைப் பொறுக்காமல், பழைய மாணவர்களிடம் போய்க் கையேந்துகிறார். நீதாவைச் சம்பளம் தேய்த்து அழிக்கிறது. ஆரதியை அதே சம்பளம் நிமிர வைக்கிறது. சம்பள நோட்டுகளோடு அவள் கண்ணாடி முன் நிற்கும் காட்சியைத் தவறவிடாதீர்கள். மாதபி முகர்ஜியின் அந்த முகத்துக்காகவே படத்தை மறுபடி பார்க்கலாம்.

மிருணாள் சென்னின் 'ஏக் தின் பிரதிதின்' (1979) இன்னும் கடுமையானது. சம்பாதிக்கும் மகள் ஓர் இரவு வீடு திரும்பவில்லை. அவ்வளவுதான் கதை. அவள் எங்கே போயிருந்தாள் என்பதைப் படம் கடைசிவரை சொல்வதில்லை. அந்த ஒரே இரவில், அவளை நம்பிப் பிழைத்த வீடும் அக்கம்பக்கமும் எப்படிப்பட்டவை என்பது தெரிந்துவிடுகிறது.

மனம் கனத்தது என்கிறீர்கள். நடுவே சிரிக்கவும் வேண்டும். ஆண்கள் தங்கும் மெஸ் ஒன்றில் நடக்கும் 'ஷாரே சுவாத்தர்' (1953), உத்தம் குமாரும் சுசித்ரா சென்னும் முதன்முதலாகச் சேர்ந்து நடித்து வெளிவந்த படம். பழைய மாளிகையில் குடியிருக்கும் பேய்களைப் பற்றிய 'பூதேர் பபிஷ்யத்' (2012) படத்தையும் பாருங்கள்.

பிறகு எல்லையைக் கடந்து டாக்காவுக்குப் போங்கள். வங்கமொழி சினிமா கல்கத்தாவோடு முடிந்துவிடுவதில்லை. அப்துல்லா முகம்மது சாதின் 'ரெஹானா மரியம் நூர்' (2021) பிரான்சின் கான் திரைப்பட விழாவின் 'அன் செர்ட்டன் ரிகார்ட்' பிரிவுக்குத் தேர்வானது. மருத்துவக் கல்லூரி ஆசிரியை ஒருத்தி, ஒரு மாணவிக்கு நடந்த அநீதியை விடாமல் துரத்துகிறாள். மாணவிக்கே அது வேண்டாம். ரெஹானாவின் பிடிவாதம் பல இடங்களில் நம்மை எரிச்சலூட்டும். அப்படி எரிச்சலூட்ட அவளை அனுமதித்ததற்காகவே எனக்கு இயக்குநர்மீது மரியாதை. ஆனால் இதற்கு முன் 'மகாநகர்' பார்த்திருக்க வேண்டும். தன் ஆங்கிலோ இந்தியத் தோழி ஈடித்துக்காக ஆரதி முதலாளியின் அறைக்குள் போய்ப் பேசுகிறாளே, அதைப் பார்த்த கையோடு ரெஹானாவைப் பாருங்கள்.