கிரேட்ஆக்ஸா, கிரேட்ஸ்வோர்டா? ஆயுதக் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 5-ஆம் பதிப்பை வைத்தே எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். இன்னும் 2014 விதிகளிலேயே ஆடுகிறவர்கள் நிறைய பேர். 2024-இல் திருத்திய விதிகளுக்கு மாறியவர்களும் இருக்கிறார்கள். விதி மாறும் இடங்களில் ஆண்டைக் குறிப்பிட்டிருக்கிறேன். கணக்கு போட்ட இடங்களில், எதிரிமேல் அடி படும் வாய்ப்பு 60 சதவீதம் என்று வைத்துக்கொண்டேன்.

என் பார்பேரியனுக்கு (வெறிகொண்டு அடிக்கும் போராளி) கிரேட்ஆக்ஸ்தான் சரி என்று நண்பர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா?

பெரும்பாலான லெவல்களில் இல்லை. கிரேட்ஸ்வோர்ட் என்ற பெரிய வாளுக்குச் சேதம் 2டி6 (ஆறு முகப் பகடை இரண்டு), சராசரி 7. கிரேட்ஆக்ஸ் என்ற கோடரிக்கு 1டி12, சராசரி 6.5. அரைப் புள்ளிதானே என்று தோன்றலாம், ஆனால் பட்ட ஒவ்வொரு அடிக்கும் அந்த அரைப் புள்ளி போகிறது. கோடரியில் பன்னிரண்டுக்கு ஒரு முறை வெறும் 1 விழும். வாளில் 2-க்குக் கீழே விழவே விழாது. முழு 12 விழும் சுகம் கோடரிக்கு 12-இல் ஒன்று, வாளுக்கு 36-இல் ஒன்று. மேஜையில் கத்திக் கொண்டாட கோடரியே மேல், அதை மறுக்கவில்லை.

நண்பர்கள் சொல்வதற்குக் காரணம் 2014 விதிகளின் புரூட்டல் கிரிட்டிக்கல். 9-ஆம் லெவலில் கிரிட்டிக்கல் (20 முகப் பகடையில் 20) விழுந்தால், வழக்கமான இரட்டைப் பகடையோடு ஆயுதப் பகடை ஒன்று கூடுதல்: கோடரிக்கு ஒரு முழு டி12, வாளுக்கு ஒரே ஒரு டி6. அப்போது கிரிட்டிக்கலின் சராசரி கோடரிக்கு 19.5, வாளுக்கு 17.5. பார்பேரியனின் ரெக்லெஸ் அட்டாக்கால் எப்போதும் அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டி மேலானதை எடுப்பது) கிடைக்கிறது என்றே வைத்தாலும், கிரிட்டிக்கல் விழும் வாய்ப்பு 9.75 சதவீதம்தான். அதில் வரும் லாபம் ஒரு வீச்சுக்கு 0.2 புள்ளி, சாதாரண அடிகளில் இழப்பது ஏறக்குறைய 0.37. வாள்தான் இன்னும் முன்னால். இரண்டாவது கூடுதல் பகடை வரும் 13-ஆம் லெவலில், அல்லது உங்கள் ஆள் கிரிட்டிக்கலில் இன்னொரு பகடை பெறும் ஹாஃப்-ஆர்க் இனம் என்றால் 9-ஆம் லெவலிலேயே, கோடரி முந்திவிடும். உங்கள் ஆட்டம் அதுவரை போகுமா என்று முதலில் யோசியுங்கள். பல குழுக்கள் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை.

2024-இல் புரூட்டல் கிரிட்டிக்கலே கிடையாது, ஆகவே இந்தச் சண்டையும் கிடையாது. அங்கே ஆயுதத்துக்கு ஆயுதம் மாறும் சிறப்புத் திறனான மாஸ்டரியைப் பாருங்கள். கோடரிக்கு கிளீவ்: பட்ட அடி பக்கத்தில் நிற்கும் இன்னொருவன்மேலும் பாய வாய்ப்பு உண்டு, ஒரு டர்னுக்கு ஒரு முறை. வாளுக்கு கிரேஸ்: அடி தவறினாலும் உங்கள் ஸ்ட்ரெங்த் (உடல்வலு) தரும் கூட்டல் எண்ணான மாடிஃபையர் அளவுக்குச் சேதம் உண்டு. உங்கள் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) கோப்ளின்களைக் கும்பலாக இறக்குகிறவர் என்றால் கோடரி. கவசம் போட்ட ஒற்றை ராட்சசனை நிறுத்துகிறவர் என்றால் வாள்.

ரோக்குக்கு ஒரு ரேப்பியரா, இரண்டு ஷார்ட்ஸ்வோர்டா?

இரண்டு. பதுங்கித் தாக்கும் ஆளான ரோக்கின் உயிர், கூடுதல் சேதம் தரும் ஸ்னீக் அட்டாக்கில் இருக்கிறது. அது டர்னுக்கு ஒரு முறைதான் கிடைக்கும், ஆனால் எந்த அடியில் வேண்டுமானாலும் வரும். ஒரே வீச்சென்றால் 60 சதவீத வாய்ப்பு. இரண்டு வீச்சென்றால் குறைந்தது ஒன்றாவது படும் வாய்ப்பு 84 சதவீதம். 5-ஆம் லெவலில், டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) +4, ஸ்னீக் அட்டாக் 3டி6 என்று போட்டால் ரேப்பியருக்கு டர்னுக்குச் சராசரி 11.4 சேதம், இரண்டு வாளுக்கு 15.4. இதில் கிரிட்டிக்கலைச் சேர்க்கவில்லை. இடக்கை அடியில் டெக்ஸ்டெரிட்டி சேராது என்பதையும் கழித்துவிட்டேன்.

ஆனால் 2014-இல் இரண்டாவது வீச்சு, டர்னுக்கு ஒன்றே கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனைத் தின்றுவிடும். அடித்துவிட்டு நழுவிப்போவதும் ஒளிந்துகொள்வதும் அதே போனஸ் ஆக்‌ஷனில்தான். அதனால் மேஜையில் இதை இப்படி ஆடுங்கள்: முதல் அடி பட்டதா? இரண்டாவதை மறந்துவிட்டு விலகிவிடுங்கள். படவில்லையா? இரண்டாவதை வீசுங்கள். ரேப்பியர்காரருக்கு இந்தத் தேர்வே கிடையாது.

2024-இல் இன்னும் சௌகரியம். ஒரு கையில் டாகரோ சிமிட்டரோ இருந்து, அதன் நிக் மாஸ்டரியையும் எடுத்திருந்தால், அந்த இரண்டாவது வீச்சு அட்டாக் ஆக்‌ஷனுக்குள்ளேயே வந்துவிடும். போனஸ் ஆக்‌ஷன் கையில் மிச்சம். மறு கையில் ஷார்ட்ஸ்வோர்ட் வையுங்கள். அதன் வெக்ஸ், அடி பட்டவன்மேல் அடுத்த வீச்சுக்கு அட்வான்டேஜ் தரும். அட்வான்டேஜ் இருந்தால் ஸ்னீக் அட்டாக்கும் உண்டு. சொல்லிவைத்த மாதிரி பொருந்துகிற ஜோடி இது.

விசர்டுக்கு (மந்திரவாதிக்கு) ஆயுதம் வேண்டுமா?

முதல் நாலு லெவல்வரை ஒரு லைட் கிராஸ்போ (குறுக்குவில்) வைத்திருப்பதில் தப்பில்லை. 1டி8-உடன் டெக்ஸ்டெரிட்டி சேரும். ஃபயர் போல்ட் மந்திரத்தின் 1டி10-உடன் எதுவும் சேராது. 5-ஆம் லெவலில் ஃபயர் போல்ட் 2டி10 ஆகிவிடும், அன்றைக்கே வில்லை விற்றுவிடலாம்.

கேடயம் பிடித்தால் சேதம் குறைகிறது. வெறும் +2 ஏசிக்காக (நம்மை அடிக்க எதிரி எட்ட வேண்டிய எண்) அதைச் செய்யலாமா?

அந்த "வெறும்" என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. உங்களை அடிக்க எதிரிக்கு 20 முகப் பகடையில் 11 தேவை என்றால், அவன் வாய்ப்பு 50 சதவீதம். கேடயம் அதை 40 ஆக்கும். ஐந்து அடியில் ஒன்று மிச்சம். அதே நீங்கள் கனமான கவசம் போட்டு, எதிரிக்கு 16 தேவை என்ற நிலையில் இருந்தால் 25 சதவீதம் 15 ஆகும். இப்போது ஐந்தில் இரண்டு மிச்சம். கவசம் ஏற ஏற கேடயத்தின் மதிப்பும் ஏறும். மெலிந்த கவசக்காரர் ஒரு சுவரைப் பார்த்து ஒதுங்குவதே உத்தமம்.

மறுபக்கம் இழப்பதும் நினைப்பதைவிடக் குறைவு. ஒற்றைக் கை ஆயுதத்துக்கான டியூவலிங் ஸ்டைல் எடுத்த ஃபைட்டரின் லாங்ஸ்வோர்டுக்குச் சராசரி 6.5. இரு கை ஆயுதத்துக்கான 2014-இன் கிரேட் வெப்பன் ஃபைட்டிங் எடுத்த கிரேட்ஸ்வோர்டுக்கு 8.33. ஒரு அடிக்கு இரண்டு புள்ளிகூட இல்லை. ஆனால் கிரேட் வெப்பன் மாஸ்டர் ஃபீட் (கூடுதல் திறன்) எடுக்கப்போகிறீர்கள் என்றால் கணக்கே வேறு. அப்போது இரு கை ஆயுதம்தான், கேடயப் பேச்சுக்கே இடமில்லை.

குட்டை உருவ ஹாஃப்லிங் லாங்போ (நீள்வில்) எடுக்கலாமா?

2014-இல் வேண்டாம். அது ஹெவி ஆயுதம், உருவம் சிறியவர்களுக்கு ஒவ்வொரு அம்புக்கும் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது). ஷார்ட்போ எடுங்கள், 80 அடி தூரம் போதாத அறையை நிலவறைகளில் அதிகம் பார்க்க முடியாது. 2024-இல் உருவம் பிரச்சினையில்லை, டெக்ஸ்டெரிட்டி 13 இருந்தால் போதும்.

எலும்புக்கூடுகளிடம் என் வாள் எடுபடவே இல்லை. ஒரே ஆயுதம் போதாதா?

வாள் எடுபடும்; சுத்தியல் இரட்டிப்பாக எடுபடும், அவ்வளவுதான். எலும்புக்கூட்டுக்கு 13 எச்பி (உயிர்ப் புள்ளி), நசுக்கும் சேதத்துக்கு அது பலவீனம். லாங்ஸ்வோர்டும் வார்ஹாமரும் 1டி8தான். ஸ்ட்ரெங்த் +3 இருந்தால் வாளின் சராசரி 7.5, சுத்தியலின் சராசரி அதன் இரட்டிப்பான 15. பெரும்பாலும் ஒரே அடியில் குவியலாகிவிடும். பிளாக் புட்டிங் மாதிரி ஜந்துவை வாளால் வெட்டினால் இன்னும் மோசம்: சேதம் ஆகாது, இரண்டாகப் பிரிந்து இரண்டும் உங்கள்மேல் வரும்.

அதனால் இடுப்பில் ஒரு கிளப்போ மேஸோ தொங்கட்டும். அப்புறம் முதுகில் நாலைந்து ஜாவலின் (எறிஈட்டி). ஸ்ட்ரெங்த் ஆட்களில் பாதிப்பேர் இதை மறந்துவிட்டு, பறக்கிற எதிரியைப் பார்த்துக்கொண்டு தரையில் நிற்கிறார்கள். ஒன்று 5 வெள்ளிக்காசுதான், 30 அடிவரை சிரமமில்லாமல் எறியலாம். 2014-இல் ஒரு டர்னில் ஓர் ஆயுதம்தான் இலவசமாக உருவ முடியும் என்பதால், இரண்டு தாக்குதல் உள்ளவர்கள் ஒன்றை முன்னதாகவே கையில் வைத்திருக்க வேண்டும்.

பட்டியலில் இல்லாத ஆயுதத்தை, உதாரணமாக கட்டானாவை, எப்படிக் கொண்டுவருவது?

லாங்ஸ்வோர்டின் எண்களை எடுத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றுங்கள். 2014-இன் டிஎம் கையேடே அப்படித்தான் சொல்கிறது. தனிச் சக்தி எதுவும் கேட்காதீர்கள். கேட்டால் அடுத்த வாரமே மற்ற நாலு பேரும் ஆளுக்கொன்றோடு வருவார்கள். 1974-இல் வந்த முதல் பதிப்பில் கத்தியோ கோடரியோ எல்லாவற்றுக்கும் ஒரே டி6தான். ஆயுதத்துக்கு ஆயுதம் பகடை மாறியது 1975-இல் வந்த துணைநூலில்.

நான் கிளேவை (நீண்ட கம்பு ஆயுதம்) நம்பி போல்ஆர்ம் மாஸ்டர் ஃபீட் எடுத்தேன். டிஎம் ஒரு +1 மந்திர லாங்ஸ்வோர்ட் கொடுத்துவிட்டார். மாறிவிடவா?

வேண்டாம். 2014 விதிகளில், 5-ஆம் லெவல், ஸ்ட்ரெங்த் +4 என்று வைத்தால், கிளேவில் இரண்டு வீச்சும் பின்புறக் கழியின் 1டி4 அடியும் சேர்த்து டர்னுக்கு 15.3. +1 வாளை இரு கையால் பிடித்து, 65 சதவீத வாய்ப்போடு வீசினாலும் 13.65. பத்தடி எட்டும் தூரமும் போய்விடும்.

சாதாரண ஆயுதங்களின் சேதத்தைப் பாதியாக்கும் எதிரிகள் வரும்போது மட்டும் கிளேவ் 7.65-க்கு இறங்கிவிடும். அன்றைக்கு வாளை உருவுங்கள். மற்ற நாளில் அதைக் குழுவில் லாங்ஸ்வோர்ட் பிடிக்கிற பாலடினிடம் கொடுத்துவைக்கலாம். டிஎம்மிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: "அடுத்த புதையலில் நீளமான கம்பு ஏதாவது இருக்கட்டும்."