3 மாதக் குட்டிக்கு எஃப்ஐவி பாசிட்டிவ்: அவசரப்படாதீர்கள்

சிங்கப்பூர் ஈசூனில் அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்தில் எடுத்த 3 மாதப் பூனைக்குட்டிக்கு எஃப்ஐவி (பூனைகளின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்) பாசிட்டிவ் வந்ததால் கருணைக்கொலை செய்யச் சொல்கிறார்கள், அம்மாவும் பயப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதைச் செய்துவிடாதீர்கள். கிளினிக்கில் செய்யும் துரித சோதனை கிருமியைத் தேடுவதில்லை, அதற்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. குட்டிக்குத் தொற்று இல்லாவிட்டாலும், தாய்ப்பூனையின் பாலில் வந்த எதிர்ப்பொருள் அதன் ரத்தத்தில் சுமார் 6 மாதம் வரை தங்கலாம். அந்த வயது தாண்டியதும் திரும்பச் சோதியுங்கள். நெகட்டிவ் வர நல்ல வாய்ப்பு இருக்கிறது.

அதுவரை வீட்டிலுள்ள பெரிய பூனையோடு சண்டை போட விடாதீர்கள். ஆழமான கடியால்தான் இது பெரும்பாலும் பரவுகிறது. கடி பட்டுவிட்டால் 60 நாள் கழித்துப் பெரியதையும் சோதியுங்கள். மனிதர்களுக்குத் தொற்றவே தொற்றாது, அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். அப்புறம், நிஜமாகவே பாசிட்டிவ் என்றாலும் வீட்டுக்குள் வளரும் பூனை பல வருடம் நன்றாக வாழும்.