முயல் குட்டிக்குக் கொள்ளு கொடுக்கலாமா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் கூண்டு வைத்து முயல் வளர்க்கிறேன். தாயிடமிருந்து பிரித்த குட்டிகளுக்கு சோயாப் புண்ணாக்கு கலந்த தீவனம்தான் போடுகிறேன், விலை கட்டவில்லை. எங்கள் காட்டில் கொள்ளும் தட்டைப்பயறும் விளைகிறது, அதையே அரைத்துப் போட்டால் போதுமா? கழிச்சல் வந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள்.
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: தாராளமாகப் போடுங்கள், ஆனால் பச்சையாக அரைத்துப் போடாதீர்கள். வேகாத பயறில் புரதத்தைச் செரிக்கவிடாமல் தடுக்கிற பொருள்கள் இருக்கின்றன. செரிக்காத புரதம் அப்படியே குருட்டுக்குடலுக்குப் போய்ச் சேர, அங்கே கெட்ட கிருமிகள் பெருகிக் குட்டி கழியத் தொடங்கும். ஒரு மாதத்தில் தாயைப் பிரிந்த குட்டிக்கு அந்தக் குடல் இன்னும் பழகியே இருக்காது. அதனால் கொள்ளை இரவு முழுக்க ஊறவைத்து, தண்ணீரை வடித்து, புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும், அதுதான் பதம். அன்றைக்கே வெயிலில் பரப்பிச் சுக்காகக் காயவைத்து, அப்புறம் உடைத்துக் கொள்ளுங்கள். தட்டைப்பயறுக்கும் இதே பக்குவம்தான்.

இரண்டாவது, கிலோவுக்குக் கிலோ மாற்றக் கூடாது. சோயாப் புண்ணாக்கில் புரதம் 45 சதவீதம் அளவில் இருக்கும், கொள்ளில் 22தான். ஒரு கிலோ சோயாவை எடுத்தால் இரண்டு கிலோ கொள்ளு வேண்டும், அதோடு கொள்ளில் மாவுச்சத்தும் நிறைய என்பதால் மக்காச்சோளத்தைக் குறைத்தே ஆக வேண்டும். பயறில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலமும் குறைவு, அந்தக் குறையை எள்ளுப் புண்ணாக்கு ஈடுகட்டும்.

10 கிலோ கலவைக்கு நான் சொல்வது இது: வெந்து காய்ந்த கொள்ளு 3 கிலோ, பொடித்த கடலைக்கொடி இரண்டரை, கோதுமைத் தவிடு 2 கிலோ 300 கிராம், மக்காச்சோளம் 1, எள்ளுப் புண்ணாக்கு அரை, கடலைப் புண்ணாக்கு அரை, தாது உப்பு 150 கிராம், சாதா உப்பு 50. புரதம் 17 சதவீதத்தை ஒட்டி வரும், வளரும் குட்டிக்கு அது போதும். கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை வாடை அடித்தால் துளிகூடச் சேர்க்காதீர்கள், அந்த நஞ்சு ஈரலைக் கெடுக்கும். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் குட்டிகளுக்கு வேண்டாம்.

கடலைக்கொடியை வெறும் நிரப்புப் பொருளாக நினைத்துவிடாதீர்கள். தீவனம் வாங்கப் போனால் எல்லோரும் புரதம் எத்தனை என்றுதான் கேட்கிறார்கள், நார் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை, அதுதான் எனக்கு வருத்தம். தாயைப் பிரிந்த குட்டியைக் காப்பாற்றுவது நார்ச்சத்துதான், நார் குறைந்தால் குடல் ஓட்டம் மந்தமாகி எவ்வளவு நல்ல புரதமும் கேடாகத்தான் முடியும். கலவை தவிர, காய்ந்த கொடியோ புல்லோ கூண்டில் எந்நேரமும் கிடக்கட்டும். ஐரோப்பாவில் சோயாவுக்குப் பதிலாக வெள்ளை லூபின் என்கிற பயறு, பட்டாணி என்று போட்டுப் பார்த்தவர்களும் நாரையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

மாற்றுவதை ஒரே நாளில் செய்யாமல், பழைய தீவனத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து 10 நாளில் முழுசாக மாற்றுங்கள். தாயைப் பிரிக்கிற அந்த வாரத்தில் தீவனத்தைத் தொடவே தொடாதீர்கள்.

கேள்வி: எங்கள் வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தி நிறைய நிற்கிறது, வரப்பில் சவுண்டலும் இருக்கிறது. குட்டிகளுக்கு ஆகுமா?
- வாசகி, சோழவந்தான்

பதில்: அகத்தி நல்ல புரதம்தான். பறித்தவுடன் போடாமல் நிழலில் வாடவிட்டு, முதலில் ஒரு சிறு கொத்து, சாணம் குண்டு குண்டாக இருந்தால் கூட்டிக்கொள்ளலாம். வெற்றிலைக்கு மருந்து அடித்திருந்தால் அந்தப் பக்கத்து அகத்தியைப் பறிக்கவே வேண்டாம், தெளிப்பு அதன் மேலும்தான் படுகிறது. சவுண்டலில் மிமோசின் என்ற நச்சு இருக்கிறது, அதிகம் தின்றால் முடி கொட்டும், வளர்ச்சி நிற்கும். பெரிய முயலுக்கு எப்போதாவது கொஞ்சம் போடலாம், குட்டிகளுக்கு வேண்டாம்.