பழைய கார்கள் பத்மினி, ஹெரால்டு, அம்பாசடர்: பிரேக், கிளட்ச் சிலிண்டர் கேள்வி பதில் (மும்பை)

செம்பூர்: அண்ணே, அப்பாவோட பத்மினி. பிரேக் சிலிண்டரோட ரப்பர் கிட் (கசிவைத் தடுக்கிற ரப்பர் செட்) மாத்தி மூணு மாசம்தான் ஆச்சு, பின் சக்கரத்துல மறுபடி ஒழுகுது. கிட் போலியா?

கிட்டைச் சந்தேகப்படும் முன்னாடி சிலிண்டரோட உள்சுவரைப் பாருங்க தம்பி. பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். மும்பை மழையில மாசக்கணக்கா நிக்கிற வண்டின்னா கேட்கவே வேணாம், உள்ளே வார்ப்பிரும்பு அரிச்சுப் போகும். பிஸ்டனை எடுத்து, துடைச்சு, டார்ச் அடிச்சுப் பாருங்க. வெறும் கறைன்னா லேசா ஹோனிங் (உள்சுவரைத் தேய்ச்சு மெருகேத்துறது) போதும். நகம் மாட்டுற குழி இருந்தா எந்த கிட்டும் நிக்காது, ரப்பரோட உதட்டை அது கிழிச்சுடும். குழி போகுறவரைக்கும் தேய்க்கவே தேய்க்காதீங்க, துளை பெருசாகி கப் (பிஸ்டனோட இருக்கிற கிண்ண வடிவ ரப்பர்) தளர்ந்துடும். புது சிலிண்டர் கிடைச்சா மாத்துங்க. இல்லைன்னா நல்ல லேத்துல பித்தளை ஸ்லீவ் (உள்குழாய்) போட்டு பழைய அளவுக்கே கொண்டு வரலாம். என் ஓட்டு ஸ்லீவுக்குத்தான், பித்தளை துருப்பிடிக்காது.

தாராவி: பெட்ரோல்ல கழுவலாமா?

கூடாது. பெட்ரோல், மண்ணெண்ணெய், இன்ஜின் ஆயில் எது பட்டாலும் ரப்பர் ஊதிடும். ஸ்பிரிட்ல கழுவி, புது பிரேக் ஆயில்ல நனைச்சுப் பூட்டுங்க. கப்போட குழிஞ்ச பக்கம் ஆயில் அழுத்துற பக்கம் பார்க்கணும்.

மாட்டுங்கா: அண்ணா, எங்க ஹெரால்டுல ரெண்டு மூணு தடவை கிளட்சை மிதிச்சாதான் கியர் விழுது.

முதல்ல ஸ்லேவ் சிலிண்டரோட (கிளட்சைத் தள்ளுற சிலிண்டர்) ரப்பர் உறையைத் தூக்கிப் பாருங்கம்மா. உள்ளே ஈரம்னா ஒழுகல் அங்கேதான். எங்கேயும் ஈரமில்லை, ஆனா மிதிச்சுப் பிடிச்சா பெடல் மெல்ல இறங்குதுன்னா மாஸ்டர் சிலிண்டரோட (பெடல் அழுத்துற சிலிண்டர்) கப் தேஞ்சிருக்கு. பெடல் பஞ்சு மாதிரி இருந்தா ஆயில்ல காத்து புகுந்திருக்கு. எதுவா இருந்தாலும் ரெண்டு சிலிண்டரையும் ஒரே நேரத்துல பிரிச்சுடுங்க. ஒண்ணு வயசாயிருந்தா இன்னொண்ணும் அதே வயசுதான்.

முலுண்ட்: அம்பாசடர். மாஸ்டர் சிலிண்டர் வேலை முடிஞ்சதுலேர்ந்து பிரேக் விட மாட்டேங்குது.

இந்த வண்டியை இப்போ ரோட்டுல எடுக்காதீங்க சார். சக்கரத்துல ஏர் எடுக்கிற திருகைத் தளர்த்துங்க. ஆயில் பீச்சி சக்கரம் சுத்தினா, உள்ளே அழுத்தம் மாட்டியிருக்கு. காலை எடுத்ததும் ஆயில் திரும்பிப் போக மாஸ்டர்ல ஊசித்துளை ஒண்ணு உண்டு. பெடல் தண்டுக்குக் கொஞ்சம்கூட ஆட்டம் இல்லைன்னா கப் பின்னால வராது, அந்தத் துளை மூடியே இருக்கும். முதல்ல ஆட்டம் வைங்க. அப்புறம் துளை அடைச்சிருக்கான்னு பாருங்க. ரெண்டும் சரின்னா பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கும், மாத்திடுங்க.

சயான்: எந்த ஆயில்?

டாட் 4 (பிரேக் ஆயிலோட தரம்). புதுசா 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினா 155 ஆகிடும். அதனால 2 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. டாட் 5 சிலிக்கான், இதோட கலக்கவே கூடாது.